காலி நிலத்துக்குப் பொறுப்புக் காப்பீடு: உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடு என்றால் தீப்பிடிக்கும், திருடு போகும். கடை என்றால் சரக்கு போகும். வெறும் நிலத்தில் என்ன போய்விடப் போகிறது என்று கேட்பவர்கள்தான் அதிகம். கேள்வி நியாயமானதுதான். வாங்கிப் போட்டுவிட்டு இன்னும் எதுவும் கட்டாத மனை, பரம்பரையாக வந்த தரிசு, என்றோ தோட்டம் போடலாம் என்று வைத்திருக்கும் நிலம், இவற்றின் உரிமையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே. சட்டமும் பாலிசி வாசகமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் விஷயத்தின் எலும்புக்கூடு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கட்டடமே இல்லாத நிலத்தில் எதைக் காப்பீடு செய்வது?

நிலத்தை அல்ல, உங்களை. சொத்துக் காப்பீடு உங்கள் பொருளுக்கு வரும் சேதத்தைப் பார்க்கும். பொறுப்புக் காப்பீடு, உங்கள் நிலத்தால் அடுத்தவருக்கு வரும் சேதத்தைப் பார்க்கும். உங்கள் நிலத்தில் ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொண்டாலோ, உங்கள் மரம் சாய்ந்து பக்கத்து வீட்டுக் கூரை உடைந்தாலோ, சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைப் பாலிசித் தொகைக்கு உட்பட்டு நிறுவனம் கொடுக்கும்.

இதில் பலர் கவனிக்காத பாதி ஒன்று உண்டு: வழக்குச் செலவு. உங்கள் மேல் தப்பே இல்லை என்று கடைசியில் தீர்ப்பு வரலாம். அதுவரை வக்கீலுக்கும் நிபுணர் சாட்சிக்கும் யார் பணம் கட்டுவது? பெரும்பாலான பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசிகளில், அந்த வழக்கை எடுத்து நடத்துவதே நிறுவனத்தின் கடமை. என்னைக் கேட்டால், இழப்பீட்டைவிட இதற்காகத்தான் இந்தப் பாலிசி.

நானே வருடத்துக்கு ஒரு தடவைதான் போகிறேன். அங்கே யாருக்கு என்ன ஆகிவிடும்?

நீங்கள் போகாத இடம் என்றால் யாருமே போகாத இடம் என்று அர்த்தமில்லை. சொல்லப்போனால், உரிமையாளர் தலைகாட்டாத நிலத்தில்தான் நடமாட்டம் அதிகம். குறுக்கு வழியாக நடப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், பைக் ஓட்டிப் பழகும் இளைஞர்கள், விளையாட இடம் தேடும் பிள்ளைகள், இரவில் வந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டிவிட்டுப் போகிறவர்கள். ஆபத்துகளும் புதிதல்ல: மூடாத பழைய கிணறு, புதர் மறைத்த பள்ளம், மண் எடுத்த குழியில் தேங்கிய தண்ணீர், பட்டுப்போன மரம், அறுந்து புல்லுக்குள் கிடக்கும் முள்கம்பி. இவற்றில் பாதி நீங்கள் வாங்கும்போதே அங்கே இருந்திருக்கும். யார் தோண்டிய கிணறாக இருந்தாலும், இன்று பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது.

அனுமதி இல்லாமல் நுழைந்தவருக்கு நான் எதற்குப் பொறுப்பு?

எல்லோரும் கோபத்தோடு கேட்கும் கேள்வி இது. ஒரு காலத்தில் நீதிமன்றங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லின. 1929-ல், அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்குச் சொந்தமான வயலில் விளையாடிய நான்கு வயதுச் சிறுவன், அங்கிருந்த இழுவை இயந்திரத்தின் சக்கரத்தில் சிக்கி இறந்துவிட்டான். அவன் அத்துமீறி நுழைந்தவன். வேண்டுமென்றே தீங்கு செய்யாமலும், அங்கே ஆள் இருப்பது தெரிந்தும் கண்டுகொள்ளாமல் முரட்டுத்தனமாக நடக்காமலும் இருந்தால் போதும், அதற்கு மேல் அவனுக்கு உரிமையாளர் எந்தக் கடமையும் படவில்லை என்பது தீர்ப்பு.

1972-ல் அதே சபை அந்த நிலையை மாற்றிக்கொண்டது. ரயில் பாதையோர வேலி உடைந்து கிடந்தது. ஆட்கள் அதன் வழியாகப் போய்வந்தது ரயில்வேக்குத் தெரிந்தும் சரிசெய்யவில்லை. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் உள்ளே போய் மின்சாரம் பாயும் தண்டவாளத்தில் பட்டுக் கடும் தீக்காயம் அடைந்தான். அத்துமீறியவராக இருந்தாலும் மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது என்றார்கள் நீதிபதிகள். ரயில்வே பொறுப்பாளியானது. பிறகு 1984-ல் அங்கே தனிச் சட்டமே வந்தது: ஆபத்து இருப்பது தெரிந்திருந்தால், அதன் பக்கம் ஆள் வரக்கூடும் என்றும் தெரிந்திருந்தால், அந்த ஆபத்திலிருந்து பாதுகாப்புத் தருவது நியாயமாக எதிர்பார்க்கக் கூடியது என்றால், அத்துமீறியவர் விஷயத்திலும் உரிமையாளருக்கு ஓரளவு கடமை உண்டு.

அமெரிக்காவில் குழந்தைகள் விஷயம் இன்னும் முன்பே வந்துவிட்டது. 1873-ல், ரயில் என்ஜின்களைத் திருப்பும் சுழல்மேடையில் விளையாடி அடிபட்ட சிறுவனுக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குழந்தையை ஈர்க்கும் ஆபத்தான பொருளை நிலத்தில் வைத்திருப்பவர், 'யார் உன்னை வரச் சொன்னது' என்று கேட்க முடியாது என்ற கோட்பாடு அங்கிருந்து வளர்ந்தது. 1968-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், விருந்தாளி, வாடிக்கையாளர், அத்துமீறியவர் என்று ஆளைப் பிரித்துக் கடமையை அளக்கும் பழைய முறையையே ஓரமாக வைத்துவிட்டு, உரிமையாளர் நியாயமான கவனத்தோடு நடந்தாரா என்பதையே முதன்மைக் கேள்வியாக்கியது.

அப்படியானால் நிலக்காரர் எப்போதும் தோற்பார் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பழைய மணல் குவாரியில் உருவான ஏரியில், தடை போர்டு இருந்தும் இறங்கி, ஆழமில்லாத இடத்தில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்து முறிந்த இளைஞரின் வழக்கு 2003-ல் முடிந்தது. கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தைத் தானே தேர்ந்தெடுத்த பெரியவருக்கு ஏரி வைத்திருப்பவர் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. ஆனால் விபத்து நடந்தது 1995-ல். எட்டு வருடம், மூன்று நீதிமன்றங்கள். வழக்குச் செலவைப் பற்றி முதலில் சொன்னது இதற்குத்தான்.

'உள்ளே நுழையாதே' என்று போர்டு வைத்தால் போதாதா?

வையுங்கள், உதவும். ஆனால் போர்டு படிக்கத் தெரியாத வயதுக் குழந்தைக்கு அது வெறும் பலகை. 'ஆபத்து' என்று மொட்டையாக எழுதுவதைவிட 'மூடாத கிணறு' என்று எழுதுவது மேல். கிணற்றை மூடிவிடுவது அதைவிட மேல்.

என் நிலத்துக்கு வெளியே நடக்கும் சேதத்துக்கும் நான்தானா?

பல சமயம், ஆம். இயற்கையாக நடந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்பது பழைய எண்ணம். 1961 பிப்ரவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவரின் நிலத்தில் இருந்த சுமார் நூறு அடி உயர மரத்தை மின்னல் தாக்கியது. மரம் உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. அவர் சுற்றிலும் சுத்தம் செய்து, ஆள் வைத்து மரத்தை வெட்டிச் சாய்த்தார். அதுவரை சரி. அப்புறம் தண்ணீர் ஊற்றி அணைக்காமல், தானே எரிந்து அடங்கட்டும் என்று விட்டுவிட்டார். சில நாளில் காற்று கிளம்பியது, தீ பக்கத்து நிலங்களுக்குப் போனது. மின்னல் அவர் செயல் இல்லை. ஆனால் ஆபத்து தெரிந்த பிறகு, கையில் இருந்த எளிய வழியைச் செய்யாமல் விட்டது அவர் தவறு என்று, அன்று ஆஸ்திரேலிய வழக்குகளுக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது.

இங்கிலாந்தில் ஒரு குன்றின் சரிவு தானாகவே பக்கத்து வீடுகள் மேல் மண்ணைச் சரித்ததற்கு 1980-ல் அதே கணக்கில் தீர்ப்பு வந்தது. மண் சரியும் என்று நிலத்துக்காரருக்கு முன்பே தெரிந்திருந்தது, அது போதும். அதே சமயம், உங்கள் வசதிக்கு மீறிய வேலையைச் செய்யச் சொல்ல மாட்டோம், உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்று பார்ப்போம் என்றும் அந்த நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

காலி நிலத்துக்கு இதை இப்படி எடுத்துக்கொள்ளலாம்: காய்ந்த புல்லில் பற்றும் தீ, சாலைப் பக்கம் சாய்ந்து நிற்கும் பட்ட மரம், மழையில் கரையும் மேட்டு மண். எல்லை தாண்டிப் போகும் சேதம் இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது.

என் வீட்டுக் காப்பீட்டிலேயே இது வந்துவிடாதா?

வரலாம். புதிய பாலிசி வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் வீட்டுக் காப்பீட்டுப் படிவத்தில், காப்பீடு பெற்றவருக்குச் சொந்தமான அல்லது அவர் வாடகைக்கு எடுத்த காலி நிலமும் 'காப்பீட்டுக்குட்பட்ட இடம்' என்ற வரையறைக்குள் வருகிறது. பொறுப்புப் பகுதி அங்கேயும் செல்லும். ஆனால் அதே வரியில் ஒரு கொக்கி: விவசாய நிலம் நீங்கலாக. பல பாலிசிகளில் இந்த வசதியே இருக்காது, குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும்தான் செல்லும்.

ஆகவே மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது பெயர். வீடு உங்கள் பெயரில், நிலம் நீங்கள் தொடங்கிய கம்பெனியின் பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ இருந்தால், வீட்டுப் பாலிசி அந்தக் கம்பெனிக்காக வந்து நிற்காது. வரிக்காகவோ பாதுகாப்புக்காகவோ நிலத்தைத் தனிக் கம்பெனியில் போட்டுவிட்டு, காப்பீடு தானாகப் போய்விட்டதை வருடக்கணக்கில் கவனிக்காமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டாவது, நிலத்தில் என்ன பயன்பாடு நடக்கிறது. மூன்றாவது, 'காலி' என்ற சொல்.

ஏஜென்டிடம் வாய்வார்த்தையாக "வந்துவிடும் சார்" என்று வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எந்தப் பக்கம், எந்த வரி என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

காலி என்றால் முழுக்கக் காலியா? ஒரு ஷெட் இருக்கிறதே.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். காலி நிலப் பாலிசியின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு சொல்தான். நிறுவனம் எதிர்பார்ப்பது, மனிதன் கட்டியது எதுவும் இல்லாத, தொழில் எதுவும் நடக்காத நிலம். நம் பேச்சு வழக்கில் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று சொன்னால் அதில் ஒரு தகர ஷெட், இடிந்த சுவர், மோட்டார் அறை, என்றோ போட்ட அஸ்திவாரம் எல்லாம் அடங்கிவிடும். பாலிசிக்கு அது சும்மா கிடக்கும் நிலம் இல்லை.

வேலி, கேட் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஷெட், சரக்குப் பெட்டி, நிறுத்திவைத்த பழைய வண்டி, தோண்டிய குளம், படகுத்துறை, விளம்பரப் பலகை, செல்போன் டவர் என்றால் கேட்டே ஆக வேண்டும். சில நிறுவனங்கள் சிறு கட்டுமானத்தை ஏற்றுக்கொள்ளும், சில மறுக்கும், சில கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கேட்கும். கேட்காமல் விட்டால்தான் சிக்கல்: விண்ணப்பத்தில் 'கட்டுமானம் இல்லை' என்று டிக் அடித்திருப்பீர்கள், விபத்து அந்த இடிந்த சுவரில்தான் நடந்திருக்கும்.

இன்னொன்று. பாலிசி எடுத்த நாளில் காலியாக இருந்த நிலம் அடுத்த மாதமே காலியாக இல்லாமல் போகலாம். ஜேசிபி உள்ளே இறங்கும் நாளே நிலத்தின் நிலைமை மாறுகிறது. அதை நிறுவனத்துக்குச் சொல்லும் வேலை உங்களுடையது, அவர்கள் வந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

எதற்கெல்லாம் பணம் வராது?

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ படும் அடி, உங்கள் நிலத்துக்கே வரும் சேதம், வேண்டுமென்றே செய்த செயல், அபராதம். மாசு தனிக் கதை. யாரோ இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போன ரசாயனக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கினால், சுத்தம் செய்யும் செலவு உரிமையாளர் தலையில் விழக்கூடிய நாடுகள் உண்டு. சாதாரணப் பொறுப்புப் பாலிசியோ மாசை வெளியே தள்ளிவைத்திருக்கும். நிலத்தின் மீதான உரிமைத் தகராறு, எல்லைச் சண்டை, ஆக்கிரமிப்பு வழக்கு ஆகியவற்றுக்கும் இந்தப் பாலிசிக்கும் சம்பந்தமே இல்லை. கட்டுமானம், மரம் வெட்டும் தொழில், கட்டணம் வாங்கி நடத்தும் நிகழ்ச்சி ஆகியவை வழக்கமாக விதிவிலக்கில் இருக்கும்.

'மருத்துவச் செலவு' என்று தனியாக ஒரு சிறு தொகை போட்டிருக்கிறதே?

தப்பு யார் மேல் என்று பார்க்காமல், அடிபட்டவரின் ஆரம்பச் சிகிச்சைக்குக் கொடுப்பது. தொகை சிறியது. ஆனால் சின்ன காயம் பெரிய வழக்காக மாறாமல் பல நேரம் இதுவே தடுத்துவிடும். எல்லாப் பாலிசியிலும் இருக்காது.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

நிலத்தின் விலையை வைத்து முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் தப்பு. மதிப்பே இல்லாத கரட்டு நிலத்திலும் ஒருவர் வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்கும்படி விழலாம். இழப்பீடு அவருடைய மருத்துவச் செலவையும் வருமானத்தையும் பார்த்து வரும், உங்கள் நிலத்தின் விலையைப் பார்த்து அல்ல. உங்களுக்கு இருக்கும் மொத்தச் சொத்தையும் மனதில் வைத்து யோசியுங்கள்.

பாலிசியில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரு சம்பவத்துக்கு அதிகபட்சம் இவ்வளவு, பாலிசிக் காலம் முழுவதற்கும் மொத்தம் இவ்வளவு. வழக்குச் செலவு இந்த எண்ணுக்குள் கழியுமா, வெளியே தனியாகக் கொடுக்கப்படுமா என்றும் கேளுங்கள். உள்ளே கழியும் என்றால், நீண்ட வழக்கு முடியும்போது இழப்பீட்டுக்கு மிச்சம் குறைவாகத்தான் இருக்கும். அடிப்படைப் பாலிசிகளுக்கு மேலே குடையாக நிற்கும் அம்ப்ரெல்லா பாலிசி உங்களிடம் இருந்தால், இந்த நிலத்தையும் அதன் பட்டியலில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். அடியில் இருக்க வேண்டிய பாலிசி இல்லாவிட்டால் அந்த இடைவெளியை உங்கள் பையிலிருந்துதான் அடைக்க வேண்டும்.

பிரீமியம் எதைப் பொறுத்தது?

பரப்பளவு, எடுக்கும் தொகை, குடியிருப்பு எவ்வளவு பக்கம், தண்ணீர் நிலை உண்டா, முன்பு கிளெய்ம் வந்திருக்கிறதா. கட்டடம் உள்ள சொத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான்.

அண்ணன் தம்பி நான்கு பேருக்கும் பங்கு இருக்கிற நிலம். யார் எடுப்பது?

ஒருவர் எடுத்து, மற்ற மூவர் பெயரையும் பாலிசியில் சேர்க்க வேண்டும். வழக்குப் போடுபவர் எந்தப் பங்குதாரரையும், ஏன், நான்கு பேரையுமே இழுக்கலாம். பெயர் இல்லாத தம்பிக்கு நிறுவனம் வக்கீல் வைக்காது. உரிமையாளர் இறந்து வாரிசுகள் பெயருக்கு மாற்றாமல் கிடக்கும் நிலம் என்றால், பாலிசி இன்னும் இறந்தவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

மேய்ச்சலுக்கோ வண்டி நிறுத்தவோ வாடகைக்கு விட்டால்?

காலி நிலம் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. வாடகைக்கு எடுப்பவரை அவர் பெயரில் ஒரு பொறுப்புப் பாலிசி எடுக்கச் சொல்லி, அதில் உங்களையும் காப்பீடு பெறும் கூடுதல் நபராகச் சேர்க்கச் சொல்லுங்கள். சான்றிதழின் நகலை வாங்கி வையுங்கள், காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 'எது நடந்தாலும் என் பொறுப்பு' என்று அவர் எழுதிக் கொடுத்த காகிதம் மட்டும் போதாது. அவர் கையில் பணம் இல்லாவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு கிடையாது. புதர் வெட்ட, மரம் வெட்ட வரும் ஒப்பந்தக்காரருக்கும் இதே விதிதான்.

காசு வாங்காமல் ஊர்க்காரர்களை நடக்க, விளையாட விட்டால் பொறுப்பு கூடுமா, குறையுமா?

சில இடங்களில் குறையும். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், பொழுதுபோக்குக்காக நிலத்தை இலவசமாகத் திறந்துவிடும் உரிமையாளரின் பொறுப்பைக் குறைக்கும் சட்டங்கள் உண்டு. கட்டணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பொதுவாகப் போய்விடும். தெரிந்தே விட்டுவைத்த ஆபத்துக்கும் அது கைகொடுக்காது. உங்கள் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். சட்டம் இருந்தாலும், அது உங்களுக்குப் பொருந்தும் என்று நீதிமன்றத்தில் வாதாட ஒருவர் வேண்டுமே.

பாலிசி இருக்கும்போது பராமரிப்பு எதற்கு?

ஏனென்றால் புதுப்பிக்கும்போது நிறுவனம் கேள்வி கேட்கும். தெரிந்த ஆபத்தை மறைத்து எடுத்த பாலிசியை அவர்கள் செல்லாததாக்கலாம். வருடம் இரண்டு தடவை போய்ப் பாருங்கள், வேலி, மரம், பள்ளம் என்று தேதியோடு போட்டோ எடுங்கள். நியாயமான கவனத்தோடு இருந்தீர்கள் என்பதற்கு அந்தப் போட்டோக்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பார்த்துவிட்டுச் சரிசெய்யாமல் விட்டால் அதே போட்டோ உங்களுக்கு எதிரான சாட்சி, அதையும் சொல்லிவிட வேண்டும்.

யாரோ அடிபட்டதாகச் செய்தி வந்தது. முதலில் என்ன செய்வது?

அடிபட்டவருக்கு உதவி கிடைத்ததா என்று பாருங்கள். அப்புறம் அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், வழக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தாமதமாகச் சொன்னதையே காரணம் காட்டி மறுக்க இடம் கொடுக்காதீர்கள். ஆறுதல் சொல்லலாம். "தப்பு என் மேல்தான், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுப்பது வேறு, அது பாலிசி நிபந்தனையை மீறுவதாக முடியும். இடத்தைப் போட்டோ எடுங்கள். ஆபத்து இன்னும் அப்படியே இருந்தால், போட்டோ எடுத்த கையோடு அடைத்துவிடுங்கள்.

நிலத்தை விற்றுவிட்டேன். பழைய பாலிசிக் காகிதங்களைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். இந்த வகைப் பாலிசிகளில் பல, சம்பவம் எந்தத் தேதியில் நடந்ததோ அந்தத் தேதியில் நடப்பிலிருந்த பாலிசியைத்தான் பார்க்கும், வழக்கு எப்போது வந்தாலும் சரி. அடிபட்டது குழந்தை என்றால், அது பெரியவராகும்வரை வழக்குக்கான கெடு ஓடத் தொடங்காத நாடுகள் பல. விற்று பத்து வருடம் கழித்து ஒரு நோட்டீஸ் வரலாம். அன்றைக்கு உங்களுக்குத் தேவைப்படுவது அந்த வருடத்துப் பாலிசி எண். நிறுத்தும்போதும் அவசரப்பட வேண்டாம், பத்திரம் வாங்குபவர் பெயருக்கு மாறிய பிறகே ரத்து செய்யுங்கள். முன்பணம் வாங்கிய நாளில் நிலம் இன்னும் உங்களுடையதுதான்.